கார்டு சார் சார்ஜ் கொடுத்த காலை

போன மாதம், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு டெக்னீஷியன் பெண்கள் உறையூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காபி குடித்து முடித்ததும் ஒருத்தி தன் கையில் கட்டியிருந்த வாட்ச்சின் விளிம்பில் விரலை வைத்தாள். அரை நிமிடத்தில் அந்தச் சின்னத் திரையில் அவளுடைய இதயத் துடிப்பு கோடாக ஓடியது.

"இப்ப எல்லாரும் வீட்லயே எடுத்துட்டு வந்துடறாங்க மேடம். இனிமே நமக்கு என்ன வேலை?" என்றாள்.

"அதைக் கழட்டி இவ கையில கட்டினா, இது வேற ஆளுன்னு அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அன்று அவர்களுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் ஈசிஜி எடுத்தவள். பெயர் ராணி. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஈசிஜி ராணி. தொழிலைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு வருடம் டிப்ளமா படித்தேன். அதில் கற்றது பாதி. மீதியை எங்கள் பெரிய டாக்டர் ஒரே வாக்கியத்தில் கற்றுக்கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு நோயாளிக்கு வலது கை வயரை இடது கையிலும் இடது கை வயரை வலது கையிலும் மாட்டிவிட்டேன். படம் தலைகீழாக வந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இவருக்கு இதயம் வலது பக்கம் இருக்கா? இல்ல, உங்களுக்கு வலது கை இடது பக்கம் இருக்கா?" என்று கேட்டார். அதன் பிறகு ஒருநாளும் நான் வயரை மாற்றி மாட்டியதில்லை. இப்போதும் வீட்டில் துணி காயப்போடும்போது வலது கை, இடது கை என்று வாய் முணுமுணுக்கிறது.

டாக்டர் அதிகம் பேச மாட்டார். நோயாளி வந்து உட்கார்ந்தால் முதலில் அவர் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். ஒரு முழு நிமிடம். புதிதாக வருபவர்கள் அவர் தூங்கிவிட்டாரோ என்று என்னைப் பார்ப்பார்கள். நான் படத்தை நீட்டினால் "ம்" என்பார். அந்த 'ம்'மில் மூன்று வகை உண்டு. குட்டையாகச் சொன்னால் ஒன்றுமில்லை, வீட்டுக்கு அனுப்பலாம் என்று அர்த்தம். இழுத்துச் சொன்னால் எக்கோ ஸ்கேன் எடுக்கணும். மூக்கு வழியாக வந்தால் கட்டில் தயார் பண்ணு. நர்ஸுகள் எல்லாம் டாக்டர் என்ன சொன்னார் என்று என்னிடம்தான் கேட்பார்கள்.

அப்படிப்பட்டவரிடம் ஒருநாள், "சார், நீங்க பார்த்தது தப்பு" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

ஸ்ரீரங்கத்தில் பரந்தாமன் என்று ஒருவர். ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் கார்டு சார். அவருடைய புகார், நெஞ்சு திடீரென்று குதிக்கிறது, ஒரு துடிப்பு தவறுகிறது, பிறகு சரியாகிவிடுகிறது என்பது. குதித்த உடனே டவுன் பஸ் பிடித்து எங்களிடம் ஓடி வருவார். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் குதிப்பு நின்றுவிடும். நான் படம் எடுத்தால் பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரி இருக்கும். ஏழு தடவை வந்தார். ஏழு தடவையும் டாக்டர் குட்டை 'ம்' சொன்னார்.

அவர் மனைவி கோமதியம்மா, "வாயுதாங்க. உருளைக்கிழங்கை நிறுத்துங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு" என்பார். அந்த அம்மாவின் தம்பி சிவலிங்கம், திருவானைக்காவலில் வீடு, காந்தி மார்க்கெட் பக்கம் வாழைக்காய் மண்டி. அவர் ஒருமுறை கூடவே வந்திருந்தார். வாசலிலேயே நின்று, "மாமாவுக்கு ரயிலை விட்டு இறங்கினதுலேருந்து ஆட்டம் இல்லாம நெஞ்சு சும்மா இருக்க மாட்டேங்குது" என்று வார்டுக்கே கேட்கிற மாதிரிச் சிரித்தார். கார்டு சார் முகம் சுருங்கிப்போனது. உடம்பில் ஒன்று இருக்கிறது என்று சொல்கிற மனிதனை ஊரே ஒன்றுமில்லை என்று சொன்னால், அதுவே ஒரு வியாதி.

எட்டாவது தடவை டாக்டர், "ஹோல்டர் போடுங்க" என்றார்.

ஹோல்டர் என்பது சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. இடுப்பில் கட்டிவிட வேண்டும். அதிலிருந்து கிளம்பும் வயர்களை நெஞ்சில் ஐந்து இடத்தில் ஒட்ட வேண்டும். இருபத்துநாலு மணி நேரம் ஒரு துடிப்பு விடாமல் பதிவாகும். ஒட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒட்டும் இடத்தில் முடியை மழிக்க வேண்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காய விட்டு, கொஞ்சம் சொரசொரப்பான பஞ்சால் தேய்த்து, பிறகுதான் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் வேர்வையில் பெயர்ந்துவிடும்.

கார்டு சார் சட்டையைக் கழற்றிவிட்டுப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். நான் ஒட்ட ஒட்ட, எந்த நிற வயர் எந்த இடத்தில் என்று தன் நெஞ்சைப் படமாக வரைந்து குறித்துக்கொண்டார்.

"எதுக்கு சார் இதெல்லாம்?"

"நடுவுல பிச்சுக்கிட்டா நான் என்னம்மா பண்றது? நாலஞ்சு ஒட்டு ஸ்பேர் குடுங்க."

அவ்வளவு அக்கறையாகக் கேட்ட நோயாளி எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. சந்தோஷமாக ஒரு பாக்கெட்டே கொடுத்தேன். இரண்டு விதிகளும் சொன்னேன். பெட்டி நனையக் கூடாது. பதிவு நடுவில் நிற்கக் கூடாது. கூடவே ஒரு தாளும் கொடுத்தேன். என்ன செய்தீர்கள், எப்போது, நெஞ்சில் என்ன தெரிந்தது என்று எழுதிவர வேண்டும். பெரும்பாலானவர்கள் அதில் 'சாப்பிட்டேன், தூங்கினேன்' என்று இரண்டு வரி எழுதுவார்கள். கார்டு சார் மறுநாள் பதினொரு மணிக்குப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது இரு பக்கமும் நிரம்பியிருந்தது.

"11.42. டவுன் பஸ் ஏறினேன். நிற்க மட்டும் இடம். படபடப்பு இல்லை."

"16.20. காபி. 16.31. நெஞ்சில் ஒரு குதிப்பு. 16.32. சரியாகிவிட்டது."

"19.15. மனைவியுடன் வாக்குவாதம். நான்கு நிமிடம். எனக்குப் படபடப்பு இல்லை."

இப்படியே போய், மறுநாள் காலையில், "5.35. சார்ஜ் கொடுத்தேன். 7.00. சார்ஜ் எடுத்தேன்" என்று இருந்தது.

பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தோம். இருபத்திரண்டரை மணி நேரம் நல்ல துடிப்பு, காபிக்குப் பிறகு மட்டும் அங்கங்கே ஒரு கூடுதல் துடிப்பு. ஒட்டு பெயர்ந்த மாதிரி கால் மணி நேரம் கலங்கல், அது எல்லார் பதிவிலும் வருவதுதான். ஆனால் காலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழு மணி வரை எல்லாம் தாறுமாறு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒன்றைப்போல் ஒன்று இல்லை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டிருந்தால் இப்படி வரும். அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

டாக்டர் மூக்கு வழியாக 'ம்' என்றார். அன்று மாலையே கார்டு சாரைக் கூப்பிட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதினார். இந்த மாதிரி சேதியைக் கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். கார்டு சார் எழுந்து நின்று டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அப்ப எனக்கு நிஜமாவே இருக்கு! கோமதி, கேட்டுக்கிட்டியா? வாயு இல்லையாம்!"

அவர்கள் போன பிறகு ஃபைலில் வைக்கப் படங்களை அச்செடுத்தேன். எடுத்தவற்றை மேஜையில் பரப்பியபோதுதான் ஏதோ உறுத்தியது. இதயம் தாறுமாறாகத் துடிக்கலாம், வேகமாகத் துடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு மனிதரின் துடிப்புக்கும் ஒரு கையெழுத்து உண்டு. அவசரத்தில் கிறுக்கினாலும் நம் கையெழுத்து நம்முடையதுதானே. கார்டு சாரின் துடிப்பு ஒல்லியாக, குட்டையாக இருந்தது. அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் மட்டும் அது பருத்து, உயர்ந்து, ஒரு வயர் காட்டும் கோட்டில் மேலே பார்ப்பதற்குப் பதில் கீழே பார்த்துக்கொண்டு நின்றது. போதாததற்கு அந்த 'சார்ஜ்'. எங்கள் பெட்டி பென்சில் பேட்டரியில் ஓடுவது. அதில் சார்ஜ் போட ஓட்டையே கிடையாது.

வீட்டுக்குப் போய் சாதம் வைத்தேன், உப்புப் போட மறந்தேன். நான் சொல்வது தப்பாக இருந்தால் டாக்டர் என் எந்தக் கை எந்தப் பக்கம் என்று மறுபடியும் விசாரிப்பார். நான் சொல்லாமல் விட்டால் ஒரு நல்ல மனிதர் தேவையில்லாமல் மாத்திரை சாப்பிட்டு, ஒருநாள் பல் தேய்க்கும்போது ரத்தம் நிற்காமல் திண்டாடுவார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அது வேறு யாரோ ஒருவரின் இதயமானால், அந்த ஆள் இப்போது எங்கே?

காலையில் டாக்டர் அறைக்குப் போய்ப் படங்களை வைத்தேன்.

"சார், இந்த ஒன்றேகால் மணி நேரம் பரந்தாமன் சாரோட இதயம் இல்ல."

"பின்ன யாரோடது? பக்கத்து வீட்டுக்காரரோடதா?"

"தெரியல சார். ஆனா வேற ஆளு."

அவர் இரண்டு படத்தையும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் ஒரு 'ம்' வந்தது. என் அகராதியில் இல்லாத நாலாவது 'ம்'.

"போன் போடுங்க."

ஸ்பீக்கரில் போட்டேன். "கார்டு சார், நேத்து காலைல அஞ்சு முப்பத்தஞ்சுக்கு சார்ஜ் கொடுத்தேன்னு எழுதியிருக்கீங்களே. வயரை எங்க சொருகினீங்க?"

"சொருகறதா? என் மச்சினன் சிவலிங்கத்துக்கிட்ட சார்ஜ் கொடுத்தேன்மா. நான் டியூட்டிய விட்டு இறங்கினா, இன்னொருத்தர் பொறுப்பு எடுத்துக்கணும் இல்லீங்களா?"

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். நாடி பார்ப்பதற்காக அல்ல.

விஷயம் இதுதான். அன்று கார்டு சாருடைய அப்பாவின் திதி. அம்மா மண்டபப் படித்துறையில் காவிரியில் முழுகாமல் முடியாது. "பெட்டி நனையக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. பதிவு நிக்கக் கூடாதுன்னும் நீங்கதான் சொன்னீங்க. ரெண்டும் நடக்கணும்னா வேற வழி என்னம்மா?" என்று கேட்டார். படித்துறையில் சிரைப்பவரைக் கூப்பிட்டு, துணைக்கு வந்த மச்சினர் நெஞ்சில் ஐந்து இடத்தில் மழிக்கச் சொல்லி, நோட்டைப் பார்த்து நிறம் மாறாமல் ஒட்டியிருக்கிறார். நான் கொடுத்த ஸ்பேர் ஒட்டுகள். ஒட்டி முடித்த பிறகு அந்தப் பதிவில் ஒரு புள்ளி கலங்கல்கூட இல்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்த எந்தப் பெண்ணும் அவ்வளவு சுத்தமாக ஒட்டியதில்லை.

"மாத்திரை போட்டுட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு ஒண்ணு. லேட் இல்லீங்க டாக்டர்."

"நிறுத்துங்க. உங்களுக்கு அது வேண்டாம். காபியைக் குறைங்க, போதும். உங்க மச்சினரை இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

"அப்ப... எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார் கார்டு சார். அவ்வளவு ஏமாற்றமான குரலை நான் கேட்டதில்லை.

சிவலிங்கம் வரவில்லை. மூன்று நாள் போன் செய்தோம். கடைசியில் நானே கார்டு சாரோடு மண்டிக்குப் போனேன். ஏலம் முடிந்து, வாழைச் சருகு முழங்கால் அளவு கிடந்தது. சிவலிங்கம் சட்டையில்லாமல், துண்டை மார்பில் இறுக்கிப் போர்த்திக்கொண்டு நின்றார்.

"வாங்க ராணியம்மா! மாமாவுக்கு வந்த வியாதி பெட்டி வழியா எனக்கு ஒட்டிக்கிச்சாமே?" என்றார். லோடு ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள். "சீக்காளி தூக்கறதைப் பாக்கறீங்களா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு பூவன் தாரை எடுத்துத் தோளில் வைத்தார். துண்டு நழுவி விழுந்தது. கரடி மாதிரி முடி நிறைந்த நெஞ்சில் ஐந்து வட்டங்கள், கோலப்புள்ளி மாதிரி வெள்ளையாக. இப்போது லோடுமேன்கள் சிரித்தது வேறு சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. தாரைக் கீழே வைத்ததும் அவர் தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாறு மூச்சு வாங்கிய பிறகுதான் கையை எடுத்தார். மண்டிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. தண்ணீர் வேண்டும் என்று சொல்லி அங்கே போனேன். அவரும் வந்தார். கதவைச் சாத்தினார்.

"ராணியம்மா, நாக்கு குழறுறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?"

"எப்ப குழறுச்சு?"

"ரெண்டு வாரம் முன்னாடி. ஏலம் கூவிக்கிட்டு இருக்கேன், வார்த்தை கொழகொழன்னு வருது. வலது கையில பேனா நிக்கல. பத்து நிமிஷம். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி சரியாயிடுச்சு. பசங்க நான் தண்ணி போட்டுட்டேன்னு நெனச்சாங்க. நானும் ஆமான்னு சொல்லிட்டேன்."

"நீங்க குடிப்பீங்களா அண்ணே?"

"தொட்டதே இல்லம்மா. ஆனா குடிகாரன்னு பேரு வந்தா மண்டியில வியாபாரம் நடக்கும். சீக்காளின்னு வந்தா நடக்காது."

அந்தக் கட்டி ஒரு முறை புறப்பட்டு, ஏதோ புண்ணியத்தில் கரைந்து போயிருக்கிறது. "அண்ணே, அடுத்த தடவை அந்தப் பத்து நிமிஷம் முடியாமலே போகலாம். வார்த்தையும் கையும் திரும்பி வராது" என்றேன். அவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, "மாமா, வண்டிய எடுங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடினார். இந்த முறை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தலையை ஸ்கேன் எடுத்தார்கள், எக்கோ பார்த்தார்கள், கார்டு சாருக்கு எழுதிய அதே மாத்திரையை அவருக்கு எழுதினார்கள். துடிப்பைச் சீராக்க மின்சார அதிர்ச்சி கொடுக்கலாம், ஆனால் அதற்கு முன் ரத்தம் குறைந்தது மூன்று வாரம் சரியான பதத்தில் இளகி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிர்ச்சியிலேயே கட்டி கிளம்பிவிடும்.

இப்போது வாராவாரம் ரத்தம் பார்க்கத் தேவையில்லாத மாத்திரைகள் வந்துவிட்டன. அன்று அவருக்கு வாய்த்தது பழைய மாத்திரை. அதற்குக் கீரை ஆகாது என்பார்கள். உண்மையில் கீரை சாப்பிடலாம், அளவு மட்டும் மாறக் கூடாது. ஒரு வாரம் கட்டுக்கட்டாகச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரம் நிறுத்தினால் ரத்தத்தின் பதம் ஊஞ்சலாடும். கோமதியம்மா தம்பியைத் தன் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டு, தினமும் ஒரு கரண்டி கீரை, கூடவும் கிடையாது குறையவும் கிடையாது என்று பரிமாறினார். அதைக் கார்டு சார் நேரம் போட்டு நோட்டில் எழுதினார். "13.10. கீரை ஒரு கரண்டி. சிவலிங்கம் இரண்டாவது கரண்டி கேட்டார். மறுக்கப்பட்டது." அந்த நோட்டை டாக்டர் தினசரி பேப்பர் மாதிரி வாசித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்.

ஐந்தாவது வாரம் அதிர்ச்சி கொடுத்தோம். நெஞ்சை மறுபடியும் மழித்தார்கள். சங்கிலி, தாயத்து, ஒரு வெள்ளி அரைஞாண் எல்லாம் கழன்று கோமதியம்மாவின் முந்தானைக்குள் போயின. படுத்துக்கொண்டு, "ராணியம்மா, நீங்க இங்கயே நிப்பீங்கல்ல?" என்று கேட்டார். மண்டி முழுக்கக் கேட்ட குரல் எனக்கு மட்டும் கேட்டது. மயக்க டாக்டர் ஊசி போட்டார். நெஞ்சில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாகப் பட்டைகளை ஒட்டினோம். பெரிய டாக்டர், "எல்லாரும் விலகுங்க" என்றார். கட்டிலை யாரும் தொடவில்லை என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அழுத்தினார். சிவலிங்கத்தின் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது.

திரையில் கோடு நேராக ஓடியது. ஒரு விநாடி இருக்கும். நான் பார்த்த விநாடிகளிலேயே நீளமானது அது. பிறகு ஒரு துடிப்பு. இன்னொன்று. மூன்றாவது. எல்லாம் ஒரே இடைவெளியில், பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வருவது போல வந்தன.

ஐந்து நிமிடத்தில் சிவலிங்கம் கண்ணைத் திறந்தார். "எப்பத்தான் ஆரம்பிக்கப் போறீங்க? எனக்குப் பசிக்குது" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கார்டு சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வாட்ச்சைப் பார்த்து நோட்டில் எழுதப் போனார். பேனா ஓடவில்லை. நோட்டை என்னிடம் கொடுத்து, "நீங்களே எழுதிடுங்கம்மா" என்றார்.

இது திரும்பவும் வரலாம் என்று டாக்டர் எச்சரித்துத்தான் அனுப்பினார். வந்தது. ஒன்பது மாதம் கழித்து. மறுபடி அதிர்ச்சி வேண்டாம் என்று முடிவானது. வேகத்தை அடக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை என்று அந்தத் தாறுமாறான துடிப்போடுதான் அவர் இன்றும் மண்டிக்குப் போய்வருகிறார், ஏலம் கூவுகிறார், நாக்கு குழறுவதில்லை. ஆனால் அது திரும்பி வந்ததைக் கண்டுபிடித்தது நானும் இல்லை, டாக்டரும் இல்லை.

அதிர்ச்சிக்குப் பிறகு சிவலிங்கம் பாதி வைத்தியராகிவிட்டார். தினமும் நாடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதை மண்டிக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டார். லோடுமேன், லாரி டிரைவர், டீக்கடைக்காரர் ஒருவர் கையையும் விடுவதில்லை. தன் கையைப் பார்ப்பதற்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. அப்படி ஒருநாள், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் சின்னையா என்ற லோடுமேனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

"ராணியம்மா, சீக்கிரம் ஒட்டுங்க! இவனுக்கு அப்படியே என்னோடது மாதிரியே தாறுமாறா போகுது. மூணு தடவை பாத்துட்டேன்."

சின்னையா பயத்தில் வெளிறிப்போய்ப் படுத்தார். படம் எடுத்தேன். துடிப்பு கடிகாரம் மாதிரி இருந்தது. இன்னொன்று எடுத்தேன். அதுவும் அப்படித்தான்.

"நீங்க எப்படிப் பாத்தீங்க அண்ணே?"

சிவலிங்கம் சின்னையாவின் கையைத் தூக்கி, மணிக்கட்டில் தன் கட்டைவிரலை அழுத்தி வைத்தார். "இதோ, இப்பவும் தாறுமாறாத்தான் போகுது!"

"கட்டைவிரல்ல பாக்கக் கூடாது அண்ணே. அதுலயே ஒரு நாடி ஓடுது. இவ்வளவு அழுத்திப் பிடிச்சா அவரோடது தெரியாது. உங்களோடதுதான் தெரியும்."

அவர் விரலை மெதுவாக எடுத்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"மொதலாளி, நான் எந்திரிக்கலாமா?" என்று கேட்டார் சின்னையா.

"எந்திரிடா" என்றார் சிவலிங்கம். "அது என் கட்டில்."